ஜரிகையில் ஓடும் மின்சாரம்

பழைய பட்டுப்புடவையின் சுத்த ஜரிகையில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்தால் 'பீப்' என்று கத்தும். பட்டு இழையைச் சுற்றிய வெள்ளி மின்சாரத்தைக் கடத்துகிறது. 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் துணியிலேயே மின்சுற்று அமைக்க முயன்றபோது, இந்தியாவில் காலங்காலமாக நெய்யப்படும் உலோக இழைப் பட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில், 1996இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஒரு சட்டையை உருவாக்கும் வேலையில் இறங்கினார். போர்வீரர் உடம்பில் குண்டு பாய்ந்ததைச் சொல்லும் சட்டை. பணம் அமெரிக்கக் கடற்படையுடையது. இன்று அந்த யோசனை முதியோரைத் தேடி வந்திருக்கிறது.

நெஞ்சில் படும் வெள்ளி பூசிய நூல் இதயத்துடிப்பை வாங்கும். ஆனால் வயதானவர்களின் வறண்ட தோலில் மின்முனை சரியாகப் பிடிக்காது. சட்டை இறுக்கமாக இருந்தாக வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் எந்தத் தாத்தா அதைப் போடுவார்?

விழுவதைக் கண்டுபிடிக்க அந்த இறுக்கம் வேண்டாம். இடுப்பில் நகமளவு முடுக்கமானி போதும். நிற்கும்போது அது புவியீர்ப்பின் அளவைக் காட்டும். விழும் கணத்தில் சுழியை நோக்கி இறங்கும், தரையில் மோதியதும் எகிறும், பிறகு அசைவிருக்காது. கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட இதே கோலம்தான். அதனால் ஆள் எழுந்து நடக்கிறாரா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தே கருவி அலற வேண்டும். வெளிநாடுகளில், விழும்போதே காற்றுப்பை விரிந்து இடுப்பெலும்பைக் காக்கும் பெல்ட்டுகளும் விற்கின்றன.

நம் ஊருக்குப் புதுச்சட்டை எதற்கு? ஆண்களுக்கு அரணாக்கயிறு இருக்கிறது, பெண்களுக்கு உள்பாவாடை நாடா இருக்கிறது. முடுக்கமானியை அதிலேயே வெள்ளி இழையோடு கோத்துவிடலாம். சேலம் செவ்வாப்பேட்டையில் வெள்ளிக்கொலுசும் இளம்பிள்ளையில் ஜரிகைப் புடவையும் செய்கிற கைகளுக்கு இந்த இழை அந்நியமில்லை. சிக்கல் சலவையில்தான். கல்லில் அடித்துத் துவைத்தால் வெள்ளிப்பூச்சு உதிரும், வியர்வையில் கறுக்கும், மின்தடை ஏறும். பேட்டரியும் சில்லும் டிச் பட்டனில் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஆள் விழுந்ததும் அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்பது. நாமக்கல் லாரி ஓட்டும் மகன் குஜராத்தில் இருப்பான். முதல் அழைப்பு பக்கத்து வீட்டுக்கும் 108க்கும் போகட்டும், மகனுக்கு அப்புறம்.