மின்பிறப்பாக்கியை மும்முனை மின்னிணைப்புடன் பொருத்தும் முறை

சாய்ந்தமருதின் கிழக்கே கடலும் மேற்கே வயல் வட்டைகளும் உள்ளன. இப்பகுதியின் நெல் ஆலைகளிலும் தோட்டக் கிணறுகளிலும் மின்சாரத்தின் உதவி பெரிதாகும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடெங்கும் மின் தடைப்பட்டதையும் கமக்காரர் மறந்திரார். ஆதலின் சிறிய மின்பிறப்பாக்கியொன்றை வாங்கி வைத்தல் விவேகமே. ஆயினும் அதனை இணைப்பதிற் பிழை நேரின் உயிருக்கே ஆபத்தாகும்.

‘திரீ பேஸ்’ எனப்படும் மும்முனை இணைப்பில் மூன்று உயிர்க்கம்பிகளும் ஒரு நொதுமற் கம்பியும் உள்ளன. உயிர்க்கம்பி ஒன்றுக்கும் நொதுமலுக்கும் இடையே 230 வோல்ற்றும், இரு உயிர்க்கம்பிகளுக்கிடையே 400 வோல்ற்றும் இருக்கும்.

சிலர் இருமுனையிலும் பிளக்குப் பூட்டிய வயரினால் மின்பிறப்பாக்கியின் மின்சாரத்தைச் சுவர்ப் பிளக்கினூடாகக் கட்டடத்துக்குள் செலுத்துகின்றனர். இது பெருந்தவறு. அம்மின்சாரம் மீற்றரைக் கடந்து வீதிக்கம்பியிற் பாயும். 33,000 வோல்ற்றை 400 வோல்ற்றாகக் குறைக்கும் மின்மாற்றி, பின்புறமாக வரும் மின்சாரத்தை அவ்வாறே உயர்த்தவும் வல்லது. மின் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறித் திருத்துபவர் இதனால் மாண்டுபோகலாம். மெயின் சுவிச்சை மறவாது நிறுத்துவோம் எனக் கருதுதலும் போதாது. ஒருநாள் மறதியே உயிரைப் பறிக்கும்.

இதற்கு ஏற்ற பரிகாரம் ‘சேஞ்ச் ஓவர்’ எனப்படும் மாற்றாளியாகும். வீதி மின்சாரமும் மின்பிறப்பாக்கியின் மின்சாரமும் ஒருங்கே சேர இது இடந்தராது. மும்முனை மின்பிறப்பாக்கிக்கு மூன்று உயிர்க்கம்பிகளையும் நொதுமலையும் சேர்த்து மாற்றும் நான்குமுனை மாற்றாளி வேண்டும்.

ஒருமுனை மின்பிறப்பாக்கியே உளதாயின், விளக்குகளையும் ஒருமுனைப் பம்பியையும் தனிப் பலகையொன்றிற் பிரித்து, அதற்கு மட்டும் இருமுனை மாற்றாளி பூட்டுக. மூன்று உயிர்க்கம்பிகளையும் ஒன்றாகக் கட்டி மும்முனை மோட்டரை ஓட்ட முயலற்க. மோட்டர் சுழலாது.

மோட்டர் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதினும் 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். ஆதலின் மின்பிறப்பாக்கியின் வலு மோட்டரின் வலுவினும் போதிய அளவு மிகுந்திருத்தல் வேண்டும். முதன்முறை ஓட்டுகையிற் பம்பி சுழலும் திசையையும் கவனிக்க. எதிர்த்திசையிற் சுழலின், இரு உயிர்க்கம்பிகளை மின்னிணைப்பாளரைக் கொண்டு இடம் மாற்றுவிக்க.

மின்பிறப்பாக்கியை வெளியே, யன்னல்களுக்குத் தூரமாக வைத்து இயக்குக. அதன் புகையில் மணமற்ற நச்சுவாயு உண்டு. எஞ்சின் ஆறிய பின்னரே எரிபொருள் நிரப்புக. மாற்றாளியைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே பூட்டுவித்தல் வேண்டும். அதற்காகும் செலவு ஒரு மோட்டரையும் ஓர் உயிரையும் காக்கும்.