வேண்டிய இடைவெளியும் வேண்டாத இடைவெளியும்

பலகை என்பது ஒரு சொல். பல கை என்பது இரு சொல். எழுத்து மாறவில்லை, நடுவே ஓர் இடைவெளி புகுந்தது, பொருள் மாறிவிட்டது. தமிழாசிரியர் நன்கறிந்த இவ்வுண்மையை, இணையப் பக்கம் ஆக்குவோரும் அறிதல் வேண்டும்.

இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதுவதில்லை. மாறாத பகுதியை வார்ப்புருவாக எழுதி, மாறும் பகுதிகளுக்குக் கட்டளை இட்டு வைப்பர். பைத்தான் மொழியில் பெரிதும் வழங்கும் ஜின்ஜா அத்தகைய கருவிகளுள் ஒன்று. 'பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரையும் எழுதுக' என்னும் கட்டளையைத் தனி வரியில் இட்டால், கருவி அதனை நிறைவேற்றிவிட்டு மறைத்துவிடும். ஆயின் அவ்வரியின் முன்னிருந்த இடைவெளியும் இறுதியிலிருந்த வரிமுறிவும் மறையா. ஆகவே பெயருக்கு ஒன்றாக வெற்று வரிகள் தோன்றும்.

உலவி, பல இடைவெளிகளைப் பொதுவாக ஒன்றாகச் சுருக்கிக் காட்டும். அங்ஙனமாயின் கவலை எதற்கு? சுருங்கிய அந்த ஒன்று எஞ்சுகிறதன்றோ? காற்புள்ளிக்கு முன் அது நின்றால் பிழையே. மேலும், எக்ஸ்எம்எல் ஆவணத்தில் தலைப்பு அறிவிப்பு உண்டாயின் அதுவே முதலில் நிற்றல் வேண்டும். அதன்முன் ஒரு வெற்று வரி இருப்பினும் ஆவணம் பிழையுடையதாகும்.

இதற்கு வழி இரண்டு. கட்டளையின் விளிம்பிலுள்ள விழுக்காட்டுக் குறியை ஒட்டி உட்புறம் ஒரு கழித்தற்குறி இட்டால், அப்பக்கத்து இடைவெளியும் வரிமுறிவும் அறவே நீங்கும். அன்றிக் கருவியின் அமைப்பிலேயே, கட்டளைக்கு அடுத்த வரிமுறிவையும் வரித்தொடக்க இடைவெளியையும் நீக்குமாறு பணிக்கலாம். தனி வரிக் கட்டளைகளுக்குப் பின்னதே சிறந்தது. கழித்தற்குறியை எங்கும் தூவினால் வேண்டிய இடைவெளியும் அழிந்து, 'அன்புள்ள முருகன்' என்பது 'அன்புள்ளமுருகன்' என நிற்கும்.

இனி, தமிழுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. பெற்றோர்க்கு மடல் விடுக்கும் பள்ளி, பெயரை அடுத்து 'உக்கு' என்று வார்ப்புருவில் எழுதினால், இடைவெளியை ஒழித்த பின்னும் 'முருகன்உக்கு' என்றே வரும்; 'முருகனுக்கு' என வாராது. இடைவெளியை நீக்குதல் வேறு, சொற்களைப் புணர்த்துதல் வேறு. முன்னதைக் கழித்தற்குறி செய்யும். பின்னதற்குப் புணர்ச்சி விதியைக் கணினிக்குக் கற்பித்தல் வேண்டும். அதுவரை, பெயரின்பின் ஓர் இடைவெளி விட்டு 'அவர்களுக்கு' என எழுதுவதே பிழையற்ற வழி. அவ்விடைவெளி வேண்டிய இடைவெளி.