வாணிபமும் வழக்குமொழியும்

வாணிபத்துக்குப் பொருள் மட்டும் முதலன்று. மொழியும் ஒரு முதலே. கடல் கடந்து பண்டம் விற்கப் புறப்பட்டவர்கள் எக்காலத்தும் இதனை உணர்ந்திருந்தனர். அதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

1911 ஆம் ஆண்டிலே காலி நகரில் ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. கொழும்பு தேசிய நூதனசாலையில் அதனைக் காணலாம். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல், 1409 ஆம் ஆண்டுத் தேதியைக் கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. பின்னிரண்டும் அந்நாளில் இந்து சமுத்திரத் துறைமுகங்களின் வணிகரிடையே பெருவழக்காயிருந்த மொழிகள்.

இதிலே வியப்புக்குரியது யாதெனில், அம்மூன்றும் ஒன்றன் மொழிபெயர்ப்பாக மற்றையவை அமையாமையே. சீனப் பகுதி புத்தபெருமானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாராகிய திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்னும் காணிக்கைப் பட்டியலோ பெரிதும் ஒன்றே. பொருள் ஒன்று, அதனைச் சொல்லும் முறை மூன்று. கேட்போரின் மொழியை மட்டுமன்றி உள்ளத்தையும் அறிந்து பேசிய பேச்சு அது.

இனிய மொழிக்குப் பின்னே படைவலியும் நின்றது மெய்தான். 1411 இல் அதே செங் ஹோ இலங்கை ஆட்சியாளன் ஒருவனைச் சிறைப்பிடித்துச் சீனம் கொண்டு சென்றான். ஆயினும் அத்தகைய வலியுடையோனும் பிறர் மொழியைப் புறக்கணிக்கத் துணியவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

கிழக்கே மலாக்காத் துறைமுகமும் இப்பாடத்தையே புகட்டுகிறது. போர்த்துக்கேயர் அதனை 1511 இல் கைப்பற்றியபின் அங்கே பணிபுரிந்த தோமே பிரெஸ், 84 மொழிகள் ஆங்குப் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். அத்தனைக்கும் நடுவே மலாய் பொதுமொழியாக விளங்கிற்று. பிறமொழிச் சொற்களுக்கு அது கதவடைக்கவில்லை. நமது கப்பல் ஏறக்குறைய அவ்வாறே அங்கு வழங்குகிறது. கடை ‘கெடாய்’ ஆயிற்று. முதல் ‘மோடல்’ ஆயிற்று.

இன்று உலக வாணிபத்தின் பொதுமொழி ஆங்கிலம். எனினும் ஆங்கிலமும் எங்கும் ஒரு தன்மையதன்று. ‘பில்லியன்’ என்பது அமெரிக்காவில் நூறு கோடி. பிரித்தானியாவிலோ நெடுங்காலம் இலட்சம் கோடியைக் குறித்தது. 1974 இலேதான் பிரித்தானிய அரசாங்கம் அமெரிக்க வழக்கை ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லுக்குள் ஆயிரம் மடங்கு வேற்றுமை ஒளிந்திருக்குமாயின், மொழி ஒன்றென்று நம்பியிருத்தல் தகுமா?

தமிழுக்குள்ளும் இந்நிலை உண்டு. நமது ‘திறப்பு’ சென்னை வணிகருக்குச் ‘சாவி’. நமது ‘கதிரை’ அவருக்கு ‘நாற்காலி’. நூறு கதிரைகள் வேண்டுமென நாம் எழுதினால் அவர் திகைக்கக்கூடும். அதற்காகப் போர்த்துக்கேயர் காலந்தொட்டு நம்மிடையே வழங்கும் அச்சொல்லைக் கைவிட வேண்டுமோ? வேண்டியதில்லை. விலைப்பட்டியலிலே இரு சொற்களையும் அருகருகே எழுதினாற் போதும். ஐயம் தீரும், வழக்கும் வாழும்.

பொதுமொழி கணக்கைத் தீர்க்க உதவும். ஆனால் கொள்வோன் மனத்தில் நம்பிக்கையை விதைப்பது அவனுடைய சொந்த வழக்கே. காலிக் கல்லைப் பொறித்தவர்கள் அறிந்திருந்த இவ்வுண்மையை, மும்மொழிகள் வழங்கும் இந்நாட்டில் வாணிபம் செய்வோர் மறத்தலாகாது.