ஒரே கணினியில் இரண்டு லீன்

‘பாடத்துக்காக லீன் 4 போட்டிருக்கிறேன். தினமும் வெளியாகும் இரவுப் பதிப்பையும் (நைட்லி) பார்க்க ஆசை. போட்டால் பழையது கெட்டுவிடுமா?’ என்று உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். கெடாதம்மா, தைரியமாகப் போடு.

கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீனை 2013-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் லியனார்டோ டி மௌரா தொடங்கினார். அதன் பதிப்புகளைக் கட்டி மேய்ப்பது எலான் என்ற சிறு நிரல். அதன் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெர்மினலில் ‘லீன்’ என்று அடித்தால் முதலில் எழுந்திருப்பது எலான்தான். லீன் பெயரில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நாம் இருக்கும் ஃபோல்டரில் ‘லீன்-டூல்செயின்’ என்ற கோப்பைத் தேடும். இல்லையென்றால் அதற்கு மேல் ஃபோல்டர், அதற்கும் மேல் என்று ஏறும். கோப்பில் இருப்பது ஒரே வரி, பதிப்பின் பெயர். அந்தப் பதிப்பைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைக்கும். கணினியில் இல்லாவிட்டால் தானே இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பதிப்பும் தனி ஃபோல்டரில் குடியிருப்பதால் ஒன்றை ஒன்று தொடாது.

ஆகவே புராஜெக்டை நகலெடுத்து, நகலில் அந்த ஒரு வரியை மட்டும் இரவுப் பதிப்புக்கு மாற்றினால் போதும். ஒரு பதிப்பு தொகுத்த கோப்புகள் இன்னொன்றுக்கு உதவாது. மறுபடி தொகுக்க வேண்டும். லீனின் கணித நூலகமான மேத்லிப்பும் வேண்டுமென்றால் ‘நைட்லி-டெஸ்டிங்’ கிளையை எடுக்கணும்.

பழையதை அழிக்காமல் புதியதையும் வைத்திருக்கும் இந்த ஒழுங்கு உத்திரமேரூருக்குப் புதிதில்லை. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் 919-இல் ஒருமுறை, திருத்தத்தோடு 921-இல் ஒருமுறை பொறிக்கப்பட்டன. முதலில் 30 முதல் 60 வரை இருந்த உறுப்பினர் வயது வரம்பு பிறகு 35 முதல் 70 ஆனது. எது மாறியது என்று இன்று நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம், பழையதை யாரும் கொத்தி எடுக்காததுதான்.

நம் ஆய்வகங்களில் நடப்பதோ வேறு. செமஸ்டர் தொடங்குமுன் எல்லாக் கணினியிலும் பழையதை அழித்துப் புதியதைப் போடுகிறார்கள். போன ஆண்டு ஓடிய நிரூபணம் சிவப்புக் கோடுகளாக நிற்கிறது, பிள்ளைகள் தங்கள் கணக்கே தப்போ என்று பயப்படுகிறார்கள். லீன் 3-இலிருந்து 4-க்கு மேத்லிப்பை மாற்றும் வேலை, பலர் கைகோத்தும், 2023-இல்தான் முடிந்தது. தேற்றம் மாறவில்லை, அதைப் படிக்கும் மென்பொருள் மாறியது. புராஜெக்ட் அறிக்கையில் ‘லீனில் சரிபார்த்தது’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை. எந்தப் பதிப்பில் என்றும் எழுது. அந்த ஒரு வரிக் கோப்பையும் சேர்த்தே கொடு.