பாரிஸில் கழுவிய படம்
வெட்டுப்பட்ட படங்கள் – 14

2009 ஏப்ரலில் நியூயார்க்கைச் சேர்ந்த க்ரைட்டீரியன் நிறுவனம் நாகிசா ஓஷிமாவின் ‘இன் த ரெல்ம் ஆஃப் த சென்சஸ்’ படத்தை டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் வெளியிட்டது. குரோசவா, ஓசு, பெர்க்மன் படங்களெல்லாம் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற வரிசையில் இதற்கு எண் 466. 1976இல் இதே படம் நியூயார்க் திரைப்பட விழாவுக்கு வந்தபோது சுங்கத்துறை குறுக்கே நின்றது. பத்திரிகையாளர்கள் பார்த்துவிட்டார்கள், பொதுமக்களுக்கான காட்சி ரத்தானது. 33 வருடம் கழித்து அதே ஊரிலிருந்து அதே படம் வட்டாக, கையேடும் வர்ணனையும் சேர்த்து, வீட்டுக்கு வந்தது. வெட்டு இல்லை, மறைப்பு இல்லை.

சென்ற வாரம் பார்த்த ‘லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்’ படப் பிரதிகளை அழிக்கச் சொல்லி இத்தாலிய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் 1976 ஜனவரியில்தான். அந்தப் படத்தில் நடிப்பாக இருந்தது ஓஷிமாவின் படத்தில் நடிப்பு அல்ல. திரையில் நடக்கும் உடலுறவு நிஜம். சர்ச்சை அத்தனைக்கும் வேர் அதுதான்.

கதையும் நிஜத்திலிருந்து எடுத்தது. 1936 மே மாதம், டோக்கியோவில் ஒரு விடுதி அறை. சாதா அபே என்ற பெண் தன் காதலன் கிச்சிசோ இஷிதாவைக் கச்சைத் துணியால் கழுத்தை நெரித்துக் கொன்றாள். பிறகு அவன் ஆணுறுப்பை அறுத்து எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். பிடிபடும்போதும் அது அவளிடம்தான் இருந்தது. அதே வருடம் பிப்ரவரியில் இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடிக்க முயன்று அமைச்சர்களைக் கொன்றிருந்தார்கள். நாடு போரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த இறுக்கத்துக்கு நடுவே பத்திரிகைகளுக்கு சாதா கிடைத்தாள். ஆறு வருடத் தண்டனை விதித்தார்கள். 1941இலேயே வெளியே வந்துவிட்டாள். போருக்குப் பின் எழுத்தாளர் சகாகுச்சி ஆங்கோ அவளை நேரில் கண்டு பேசியிருக்கிறார். ஊரே வெறுத்த கொலைகாரியாக அவள் ஒருபோதும் இருந்ததில்லை. விசித்திரமான ஓர் அனுதாபம் கடைசிவரை அவளைச் சுற்றி இருந்தது.

1972இல் பாரிஸில் ஆனத்தோல் தொமான் என்ற தயாரிப்பாளர் ஓஷிமாவிடம் காமத்தை மையமாக வைத்து ஒரு படம் செய்யலாமா என்று கேட்டார். ‘ஹிரோஷிமா மோன் அமோர்’ தயாரிப்பில் பங்குகொண்ட மனிதர் அவர். யோசனை பிடித்திருந்தாலும் ஓஷிமா உடனே இறங்கவில்லை. ஜப்பானிய தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆபாசமான எதையும் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. நிக்காட்சு நிறுவனம் 1971 முதல் காமப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளியது உண்மைதான். சாதாவின் கதையையே 1975இல் நொபோரு தனாகா அங்கே படமாக்கிவிட்டார். ஆனால் அவற்றிலெல்லாம் ஒரு பூஜாடியோ திரைச்சீலையோ சரியான இடத்தில் வந்து நின்றுவிடும். அப்படியும் நிக்காட்சு மீது வழக்குகள் பாய்ந்தன.

1975இல் பிரான்சில் தணிக்கை தளர்ந்தது. அதன் பிறகு ஓஷிமா போட்ட கணக்கைச் சட்டம் படித்தவர்கள்கூட ரசிப்பார்கள். (அவரே கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்.) காகிதத்தில் இது பிரெஞ்சுப் படம். படப்பிடிப்பு கியோட்டோவில், மூடிய அரங்கில். உள்ளூர் வேலைகளைக் கவனித்தவர் ‘பிங்க்’ எனப்படும் காமப் படங்களில் ஊறிய கோஜி வகாமத்சு. எடுத்த சுருளை ஜப்பானில் கழுவவில்லை. அப்படியே பெட்டியில் போட்டு பிரான்சுக்கு அனுப்பினார்கள். கழுவாத ஃபிலிமில் எந்தப் பிம்பமும் தெரியாது. பிம்பமே இல்லாத ஒன்றை ஆபாசம் என்று எந்தக் காவலரும் கைப்பற்ற முடியாது. படம் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது பிரெஞ்சு மண்ணில், ஜப்பானியச் சட்டத்துக்கு எட்டாத தூரத்தில். தொகுப்பும் அங்கேயே.

கான் விழாவில் கூட்டம் முண்டியடித்தது. பெர்லினில் பிரிண்டைக் கைப்பற்றினார்கள். ஜப்பானுக்கு அது வெளிநாட்டுப் படமாக இறக்குமதியாகி, வெட்டியும் மறைத்தும் திரைக்கு வந்தது. நெகட்டிவை நெருங்க முடியாத அரசு வழக்கறிஞர்கள், திரைக்கதையும் படப்பிடிப்பு நிழற்படங்களும் கொண்டு வந்த புத்தகத்தின் மேல் பாய்ந்தார்கள். உலகமே பார்த்த சினிமாவை விட்டுவிட்டு, அதன் புத்தகத்தை விசாரித்தது நீதிமன்றம். ஓஷிமா தற்காப்பாகப் பேசவில்லை. ஆபாசம் என்றால் என்ன, அதில் தப்பு என்ன என்று திருப்பிக் கேட்டார். 1979இல் விடுதலை, 1982இல் மேல்முறையீட்டிலும் விடுதலை. 175ஆம் பிரிவு மட்டும் அசையவில்லை.

அந்தக் காலத்தில் ஓஷிமா எழுதிய ஒரு வாதம் இந்த வட்டைக் கையில் எடுக்கும்போது கூர்மையாகிறது. பார்க்க முடியாதபடி மறைத்து வைத்திருப்பதுதான் ஒன்றை ஆபாசமாக்குகிறது, பார்த்துவிட்டால் அந்த ஆபாசம் கரைந்துவிடும் என்பது அவர் கட்சி. அந்த அளவுகோலின்படி அமெரிக்க வீடுகளில் இந்தப் படம் ஆபாசத்தை இழந்துவிட்டது. ஜப்பானில் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது. 2000இல் அங்கே மறுவெளியீடு வந்தபோது, முன்பு வெட்டியவற்றில் பெரும்பகுதி திரும்பியது. ஆனால் மங்கல் பூச்சு போகவில்லை. கியோட்டோவில் கியோட்டோக்காரர் எடுத்த படத்தை முழுசாகப் பார்க்க ஒரு ஜப்பானியர் வெளிநாட்டு வட்டைத் தேட வேண்டியிருந்தது. பிரிட்டனிலும் வீடியோ 2000இல்தான் சான்றிதழ் பெற்றது. பெரியவர்களின் காட்சி எதிலும் கை வைக்காமல், ஒரு சிறுவன் வரும் ஒற்றை ஷாட்டை மட்டும் நெருக்கிச் சட்டகம் மாற்றினார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மற்ற எல்லாத் தணிக்கையையும் எதிர்க்கும்போதும் அந்த இடத்தில் பிரிட்டிஷ் வாரியத்தோடுதான் நிற்பேன்.

வீட்டில் பார்ப்பதில் ஒரு நஷ்டம் உண்டு. இது கிளர்ச்சிக்காகப் பார்க்கும் படம் அல்ல. அப்படி உட்கார்ந்தவர்கள் அரை மணியில் சோர்ந்துபோவார்கள். ஒரு சின்ன அறை, பிறகு இன்னொரு சின்ன அறை, மடிக்காத படுக்கை, வந்துபோகும் பணிப்பெண்கள், திறக்காத ஜன்னல். காற்றில்லாத அந்த நெருக்கம் நம் மேல் ஏற வேண்டும் என்றால் எழுந்துபோக வழியில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ரிமோட்டும் அத்தியாயப் பட்டியலும் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிடுகின்றன.

தாண்டிப் போய்விடக் கூடாத இடம் ஒன்று, உடையோடு வரும் காட்சி. கிச்சிசோ தெருவில் தனியாக நடந்து வருகிறான். எதிரே துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களின் அணிவகுப்பு. ஓரத்தில் நிற்பவர்கள் சின்னச் சின்ன உதயசூரியக் கொடிகளை ஆட்டுகிறார்கள். அவன் சுவரோரமாக ஒதுங்கி, தலை குனிந்து, எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருக்கிறான். யாரும் அவனைத் தடுக்கவில்லை, அவனும் யாரையும் பார்க்கவில்லை. ஓஷிமாவின் அரசியல் முழுவதும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. 1976இன் எந்தத் தணிக்கையாளரும் அதில் கத்தரி வைக்க நினைக்கவில்லை.

வட்டின் கூடுதல் பகுதிகளில் விமர்சகர் டோனி ரேய்ன்ஸின் வர்ணனை, நீக்கிய காட்சிகள், வகாமத்சு உள்ளிட்டோர் நினைவுகூரும் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பு எல்லாம் உண்டு. நாயகன் தத்சுயா ஃபுஜி இந்த வெளியீட்டுக்காகவே புதிதாகப் பேசியிருக்கிறார். முதிர்ந்த முகம், நிதானமான பேச்சு. சாதாவாக நடித்த எய்கோ மத்சுதா 1976ஆம் ஆண்டுப் பேட்டியில் மட்டும்தான் வருகிறார். படம் வந்தபோது அவருக்கு வயது 24. வசை அதிகமும் விழுந்தது அவர் மேல்தான். அதன் பிறகு வேறு சில படங்கள், பின் ஜப்பானை விட்டு ஐரோப்பா. ஃபுஜிக்கு ஓஷிமாவே ‘எம்பயர் ஆஃப் பேஷன்’ படத்தில் மறுபடி வாய்ப்புக் கொடுத்தார். அது 1978இல் கானில் சிறந்த இயக்குநர் விருதை ஓஷிமாவுக்கு வாங்கித் தந்தது. 2023இல், எண்பது வயதைக் கடந்த ஃபுஜிக்கு சான் செபாஸ்டியன் விழாவில் நடிப்புக்கான விருது கிடைத்தது. மத்சுதா 2011இலேயே இறந்துவிட்டார். ஒரே படுக்கையில், ஒரே கேமரா முன் இருவரும் நடித்த படத்துக்கு விலை கொடுத்தது அவர் ஒருவர்தான். மறுசீரமைப்பு, வர்ணனை, கட்டுரை என்று எல்லாம் சேர்த்த இந்த வட்டில் அதைப் பற்றி ஒரு தனிப் பகுதி வைத்திருக்கலாம்.