முன்பக்கங்கள் – 14: கையெழுத்துப் போடுகிறவருக்கு முதல் நன்றி

காணிக்கை, பதிப்புரை எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வாரம், ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வின் முகவுரைகள் என்று சொல்லியிருந்தேன். காரைக்கால் குறுக்கே வந்துவிட்டது.

நேரு வேளாண் கல்லூரியும் திருவேட்டக்குடி என்.ஐ.டி.யும் உள்ள ஊர். ஆகவே தீசிஸ் பைண்டிங் போடும் கடைகளும் உண்டு. அப்படியொரு கடைக்காரர் சொன்னார்: "தீசிஸ் பூராவையும் யாரு சார் படிக்கிறா? நன்றிப் பக்கத்தை மட்டும் எல்லாரும் புரட்டுவாங்க, தன் பேரு வந்திருக்கான்னு."

வேளாண் முதுகலை ஆய்வேட்டில் அந்தப் பக்கத்துக்கு ஒரு வரிசை உண்டு. கடவுள், ஆலோசனைக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், டீன், ஆய்வக உதவியாளர், சீனியர், ஜூனியர், அறைத்தோழர். குழுத் தலைவரான கைடுக்கு மட்டும் அடைமொழிகள் மூன்று வரி ஓடும். கம்பர் தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலை ஆயிரம் பாட்டுக்கு ஒருமுறைதான் நினைத்தார் என்பார்கள். நம் பிள்ளைகள் பத்திக்குப் பத்தி நினைக்கிறார்கள். சான்றிதழ்ப் பக்கத்தில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டுமோ, பெரும்பாலும் அதே வரிசையில்தான் நன்றியும் போகிறது.

நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல இது. கென் ஹைலண்ட் என்ற மொழியியலாளர் ஹாங்காங் மாணவர்களின் 240 ஆய்வேடுகளில் நன்றியுரையை மட்டும் எடுத்து ஆராய்ந்தார். முதுகலைக்காரர்களைவிட முனைவர் பட்டக்காரர்கள் நீளமாக எழுதினார்களாம். பின்னே, துறையில் பிழைத்துக் கிடக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே!

என்னை இந்த வாரம் பிடித்துக்கொண்டது பிரெஞ்சு வழக்கம். 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது என்பதால் தேடிப்போனேன். பிரான்சில் மருத்துவப் பட்டம் முடிப்பவரும் ஆய்வேடு எழுத வேண்டும். நடுவர்களின் பெயர்கள் முன்பே தெரியும். அதனால் ஏட்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனிப் பத்தி. அதுவும் படர்க்கையில் இல்லை. "தாங்கள்" என்று நேருக்கு நேராக! தலைமை ஏற்றுக் கௌரவித்தீர்கள், எங்கள் மரியாதையை ஏற்றருளுங்கள் என்கிற பாணி. எழுதுகிறவர் ஒருவர்தான், ஆனாலும் பலர் தங்களை 'நாங்கள்' என்றே சொல்லிக்கொள்வார்கள். அதே நடுவர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கப்போவது அதற்குப் பிறகுதான். தீர்ப்புக்கு முன்பே நன்றி! கூடவே ஹிப்போகிராட்டஸ் உறுதிமொழியும் அதே ஏட்டில் அச்சாகியிருக்கும்.

இங்கே முனைவர் பட்ட ஏடு எந்த வெளித்தேர்வாளருக்குப் போகிறது என்பது பொதுவாக மாணவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்திருப்போம்.

நம் வேளாண் ஏடுகளில் கையெழுத்துப் போடாதவர்கள் கடைசியில் வருகிறார்கள். சோதனை வயலில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள், பிறகு அப்பா, அம்மா. அடைமொழி வற்றி, எழுத்து மனிதர் பேசுவதுபோல் ஆவது இங்கேதான். வீட்டில் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறோம்? சொன்னால் "என்னடா ஆச்சு உனக்கு?" என்பாள். ஏட்டில் சொல்கிறார்கள், ஆங்கிலத்தில். பல அம்மாக்களால் அதைப் படிக்க முடியாது, நடவு ஆட்களாலும்தான். அந்த அரைப் பக்கத்தையாவது தமிழில் எழுதினால் என்ன?

உ.வே.சா. அடுத்த வாரம், கட்டாயம். ஓலைச்சுவடி கொடுத்தவர்களுக்கு அவர் நன்றி சொன்ன விதம் இந்தக் கையெழுத்துக் கணக்கில் அடங்காது.

(தொடரும்)