கஃபாவின் கட்டுமான வரலாறும் ஹிஜ்ர் பகுதியும்

மக்காவிலுள்ள கஃபாவின் வடமேற்குப் புறத்தில் அரைவட்ட வடிவிலான தாழ்ந்த சுவர் ஒன்று உள்ளது. அச்சுவருக்கும் கஃபாவுக்கும் இடைப்பட்ட திறந்தவெளி ஹிஜ்ர் எனப்படும். ஹதீம் என்னும் பெயரும் வழக்கில் உண்டு. தவாஃப் சுற்றுவோர் இவ்வெளியினூடே செல்வதில்லை. அரைவட்டச் சுவரையும் உள்ளடக்கியே சுற்றுகின்றனர். கூரைக்கு வெளியே கிடக்கும் ஓரிடம் இறையில்லத்தின் பகுதியாக மதிக்கப்படுவதன் காரணம், கஃபா பலமுறை இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வந்த வரலாற்றில் அடங்கியுள்ளது.

குறைஷியர் கட்டுமானம்

இப்ராஹீமும் இஸ்மாயீலும் இவ்வில்லத்தின் அடித்தளங்களை உயர்த்தியதைத் திருக்குர்ஆன் (2:127) குறிப்பிடுகிறது. அக்கட்டடத்தின் அளவுகளைத் திருக்குர்ஆன் கூறவில்லை. அவற்றைப் பேசுவன 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்அஸ்ரகீயின் ‘அக்பார் மக்கா’ போன்ற பிற்கால நூல்களும் நபிமொழித் தொகுப்புகளுமே.

வரலாற்றுத் தெளிவுடன் அறியப்படும் முதல் கட்டுமானம் ஏறத்தாழ கி.பி. 605இல் குறைஷியர் மேற்கொண்டதாகும். நபிகள் நாயகத்திற்கு அப்போது வயது 35. செங்கடற்கரையில் உடைந்த கப்பல் ஒன்றின் மரங்கள் கூரைக்குப் பயன்பட்டன. கருங்கல்லை உரிய இடத்தில் வைக்கும் உரிமை குறித்துக் குலங்களுக்கிடையே எழுந்த பூசலை நபிகளார் ஒரு துணியை விரித்துத் தீர்த்துவைத்த நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டது. சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டம் கஃபத்துல்லா வரலாற்றுக்கெனத் தனிப் படலமே கொண்டுள்ளது.

இந்நிகழ்ச்சி பெற்ற புகழில் மற்றொரு செய்தி மறைந்துவிடுகிறது. வட்டி, விபசாரம் முதலியவற்றால் வந்த பொருளைச் சேர்ப்பதில்லை எனக் குறைஷியர் முடிவு செய்திருந்தனர். தூய வருவாய் போதவில்லை. எனவே பழைய அடித்தளத்தின் வடமேற்குப் பகுதியைச் சில முழ அளவு வெளியே விட்டுச் சுவரை எழுப்பினர். விரும்பியவரை மட்டும் உள்ளே விடும் பொருட்டு வாயிலையும் தரைமட்டத்திலிருந்து உயர்த்தினர். பொருட்பற்றாக்குறை ஒருபுறம், ஆதிக்கம் மறுபுறம் என இரண்டும் சேர்ந்தே கஃபாவின் வடிவை வரையறுத்தன.

கி.பி. 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்ட பின்னரும் இவ்வடிவம் மாற்றப்படவில்லை. மக்கள் அறியாமைக் காலத்தை விட்டு அண்மையில்தான் விலகியுள்ளனர் என்பதனாலேயே தாம் கஃபாவை இப்ராஹீமின் அடித்தளத்தில் மீண்டும் கட்டவில்லை என்றும், இல்லையேல் ஹிஜ்ரை உள்ளே சேர்த்துத் தரைமட்டத்தில் இரு வாயில்கள் அமைத்திருப்பேன் என்றும் நபிகளார் தம் மனைவி ஆயிஷாவிடம் கூறியதாகப் புகாரீ, முஸ்லிம் ஆகிய தொகுப்புகள் பதிவு செய்கின்றன.

இரு முற்றுகைகளுக்கிடையே

உமய்யாக்களின் ஆட்சியை ஏற்க மறுத்து மக்காவில் நிலைகொண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர். கி.பி. 683இல் யஸீதின் படை மக்காவை முற்றுகையிட்டபோது கஃபா தீப்பற்றியது. முற்றுகை நீங்கியதும், பழுது பார்ப்பதா இடித்துக் கட்டுவதா என அவர் கருத்துக் கேட்டார். இப்னு அப்பாஸ் பழுது மட்டும் பார்க்கச் சொன்னார். இப்னு ஸுபைரோ இடிக்கத் துணிந்தார். வானிலிருந்து தண்டனை இறங்குமோ என்று மக்கள் அஞ்சி ஒதுங்கினர். ஒருவர் மேலேறி முதற்கல்லை வீழ்த்தி, அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்று கண்ட பிறகே மற்றவர் கைவைத்தனர். சுவர் எழும்வரை தூண்கள் நாட்டித் திரைகள் தொங்கவிடப்பட்டன. கட்டடம் இல்லாத அந்நாள்களிலும் இல்லத்தின் எல்லை புலப்பட்டுக்கொண்டிருந்தது என்பதால் இத்திரைகள் பற்றிய குறிப்பு முக்கியமானது. அகழ்ந்தபோது தென்பட்ட பழைய அடித்தளத்தை மக்கள் காணச்செய்து, அதன்மீது ஹிஜ்ரையும் சேர்த்து இரு வாயில்களுடன் கஃபாவைக் கட்டினார். சேர்க்கப்பட்ட பகுதி ஐந்து முழம், ஆறு முழம், ஏறக்குறைய ஏழு முழம் என அறிவிப்புகள் வேறுபடுகின்றன.

அவ்வமைப்பு பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. கி.பி. 692இல் ஹஜ்ஜாஜ் மக்காவை மீண்டும் முற்றுகையிட்டான். இப்னு ஸுபைர் கொல்லப்பட்டார். கலீஃபா அப்துல் மலிக்கின் இசைவுடன் அடுத்த ஆண்டு ஹிஜ்ர் பகுதி வெளியே தள்ளப்பட்டு, மேற்கு வாயில் அடைக்கப்பட்டது. இப்னு ஸுபைர் உயர்த்திய உயரம் மட்டும் அப்படியே விடப்பட்டது.

இங்கு ஆய்வாளர் கருத வேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. இப்னு ஸுபைர் ஆயிஷாவின் சகோதரி அஸ்மாவின் மகன். அந்நபிமொழியை அறிவித்த உர்வா அவருடைய உடன்பிறந்தவர். ஒரு குடும்பத்தின் அரசியலுக்குத் துணைநிற்கும் செய்தி என்று அப்துல் மலிக் ஐயுற்றதில் வியப்பில்லை. ஆயினும் ஹாரிஸ் இப்னு அப்துல்லாஹ் என்பவர், தாமும் அதனை ஆயிஷாவிடமே கேட்டதாகச் சான்றளித்தபோது, அக்கட்டடத்தை அவ்வாறே விட்டிருக்கலாமே எனக் கலீஃபா வருந்தியதாக முஸ்லிம் தொகுப்பு கூறுகிறது. வென்ற தரப்பின் வருத்தத்தையே சொல்லும் இவ்வறிவிப்பை வெறும் குடும்பப் பரப்புரை எனத் தள்ளுவது எளிதன்று.

மாலிக்கின் மறுப்பு

அப்பாஸியர் காலத்தில் கஃபாவை இப்னு ஸுபைரின் அமைப்புக்கே மாற்ற ஒரு கலீஃபா விரும்பினார். அவர் மஹ்தி என்றும் ஹாரூன் அர்ரஷீத் என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. மதீனாவின் சட்ட அறிஞர் மாலிக் இப்னு அனஸ் அதனைத் தடுத்தார். ஒவ்வொரு மன்னரும் இடித்துக் கட்டத் தொடங்கினால் இறையில்லம் ஆட்சியாளரின் விளையாட்டுப் பொருளாகிவிடும்; மக்கள் உள்ளத்தில் அதன் மாண்பு குன்றிவிடும் என்பது அவர் வாதம். எவ்வடிவம் மூலத்திற்கு நெருக்கமானது என்ற வினாவை அவர் எழுப்பவேயில்லை. மாற்றும் உரிமையையே அரசிடமிருந்து விலக்கினார். கி.பி. 1630இல் வெள்ளத்தால் சுவர்கள் சரிந்து, உதுமானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் கஃபா மீண்டும் கட்டப்பட்டபோதும் ஹஜ்ஜாஜ் விட்டுச்சென்ற தரைப்பட வடிவமே பின்பற்றப்பட்டது.

கல்லில் சேர்க்கப்படாத அப்பகுதியைச் சட்டநூல்கள் காத்தன. ஹிஜ்ருக்குள் புகுந்து சுற்றினால் தவாஃப் நிறைவேறாது என்பது ஷாஃபிஈ, மாலிக்கீ, ஹன்பலீ பிரிவுகளின் நிலை. ஹனஃபீ பிரிவு அதனைக் குறையுள்ள தவாஃபாகக் கொண்டு, விடுபட்டதை மீண்டும் சுற்றவும், அவ்வாறு செய்யாது ஊர் திரும்பியவர் பலியிட்டு ஈடுசெய்யவும் பணிக்கிறது.